தைத்தனோசீனோடு கந்தகம் சேர்க்கும்போது: நிறம் பார்த்துப் பிழை பிடிப்பது

தைத்தனோசீன் இருகுளோரைட்டு, அதாவது ஒரு தைத்தேனியத்தோடு இரண்டு சைக்கிளோபென்டாடையீனைல் (ஐந்து காபன்) வளையங்களும் இரண்டு குளோரீனும் பிணைந்த சேர்வை, சிவப்பு. அதோடு தயோபீனோலும் (ஒரு தயோல், அதாவது கந்தகத்தில் ஐதரசன் உள்ள சேர்வை) டிரைஎதைலமீனும் (அமீன், புரோத்தனை எடுக்கும் மூலம்) சேர்ந்தால் ஊதா வரவேண்டும். வராமல் போனால் என்ன காரணம், வந்து மறைந்தால் என்ன காரணம், இடையில் பச்சை தெரிந்தால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஆகன் சிலிண்டர் ஒன்று, ஷ்லெங்க் குழாய்த் தொகுதி (காற்றை வெளியேற்றி ஆகன் நிரப்பும் அமைப்பு) ஒன்று, ஒரு ஃபியூம் கபேட் (ஆவியை வெளியே இழுக்கும் கூடு) என்ற அளவு வசதியோடு யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறவர்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள். க்ளவ் பொக்ஸ் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) வைத்திருப்பவர்களுக்குக் கீழே உள்ள தொல்லைகளில் பாதி வராது.

அறிகுறிகளுக்குப் போகமுன்னர் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தைத்தேனியத்துக்குக் கந்தகத்தைவிட ஒட்சிசன்மேல்தான் பற்று அதிகம். புல்மோட்டைக் கரையில் கறுத்துக் கிடக்கும் மணலைப் பாருங்கள்: இல்மனைற்று, உரூத்தைல், இரண்டும் ஒட்சைட்டுத் தாதுக்கள். தைத்தேனியத்தைச் சல்பைட்டுத் தாதுவாக யாரும் தோண்டி எடுப்பதில்லை. அதே பற்றுத்தான் உங்கள் குடுவைக்குள்ளும் வேலை செய்கிறது. ஆகவே தாக்கம் பிழைத்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ஒட்சிசன் எந்த வழியால் உள்ளே வந்தது என்பதுதான். நீராக வந்ததா, காற்றாக வந்ததா, கரைப்பானில் இருந்த பரவொட்சைட்டாக வந்ததா? என் அனுபவத்தில் பெரும்பாலான பிழைகள் இந்தக் கேள்வியோடு தீர்ந்துவிடும்.

சரியாக ஓடினால் எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான ஓட்டம் தெரிந்திருக்க வேண்டும். தைத்தனோசீன் இருகுளோரைட்டு 1 கிராம், அதாவது 4.02 மில்லிமோல், ஆகனின் கீழ் 20 மில்லிலீற்றர் உலர்ந்த தொலுயீனில். அது தொலுயீனில் அவ்வளவாகக் கரையாது, சிவப்புத் தொங்கலாகவே, அதாவது கரையாத தூள் கலங்கலாகவே, நிற்கும். அது இயல்புதான். தயோபீனோல் 0.82 மில்லிலீற்றர், டிரைஎதைலமீன் 1.12 மில்லிலீற்றர், இரண்டும் ஏறக்குறைய 8 மில்லிமோல். அமீனைத் துளித்துளியாக விடும்போது தொங்கல் கரைந்து, கரைசல் நாவற்பழச் சாறுபோலக் கறுத்த ஊதாவாகும். கூடவே அமீனின் ஐதரோகுளோரைட்டு வெள்ளையாகப் படியும். அதை வடித்து நீக்கி, கரைப்பானைக் குறைத்து, எக்சேன் சேர்த்துக் குளிரவைத்தால் தைத்தனோசீன் இருதயோபீனோலேற்று (இரண்டு குளோரைட்டின் இடத்திலும் தயோபீனோலின் கந்தகம் ஏறிய இருதயோலேற்று) பளிங்காகும். முழு விளைவு 1.59 கிராம். மூன்றிலிரண்டு பங்கு கையில் வந்தாலே நல்ல ஓட்டம் என்பேன்.

நிறம் ஏன் மாறுகிறது என்று தெரிந்தால் நிறத்தை நம்பலாம். தைத்தேனியம்(4) இல், அதாவது +4 ஒட்சியேற்ற நிலையில் உள்ள தைத்தேனியத்தில், டி இலத்திரன் கிடையாது. பார்க்கும் நிறம் முழுவதும் இணையியிலிருந்து (உலோகத்தோடு பிணைந்திருக்கும் கூட்டத்திலிருந்து) உலோகத்துக்கு இலத்திரன் தாவுவதால் வருவது. குளோரைட்டைவிடக் கந்தகம் இலத்திரனை இலேசாகக் கொடுக்கும், எனவே உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. சிவப்பு ஊதாவாகிறது, சில இருதயோலேற்றுக்களில் பச்சை வரைகூடப் போகிறது. அதனால் நிறம் மாறவில்லை என்றால் கந்தகம் உலோகத்தில் ஏறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது

முதலில் அமீனைப் பாருங்கள். மூலம் இல்லாமல் தயோல் மட்டும் இருந்தால் சமநிலை குளோரைட்டுப் பக்கமே நிற்கும். வெளிவரும் ஐதரசன் குளோரைட்டு, உருவான தயோலேற்றையும் திருப்பி உடைத்துவிடும். பழைய அமீன் போத்தல் மஞ்சளாகியிருந்தால் பொற்றாசியம் ஐதரொட்சைட்டின்மேல் வடித்தெடுத்து மீண்டும் முயலுங்கள்.

அமீன் சரி என்றால் தயோல். தயோபீனோல் போத்தலைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பாவித்தால் உள்ளிருப்பது மெதுவாக இருபீனைல் இருசல்பைட்டாகிவிடும். போத்தல் கழுத்தில் வெள்ளைப் பளிங்கு தெரிந்தால் ஐயமே வேண்டாம். தெரியாவிட்டாலும் இருசல்பைட்டு தயோலிலேயே கரைந்து ஒளிந்திருக்கும். தயோபீனோலின் கந்தகத்திலுள்ள ஐதரசன் புரோத்தன் என்.எம்.ஆரில் (கருக் காந்தப் பரிவு நிறமாலையில்) 3.4 அல்லது 3.5 பி.பி.எம். பக்கம் தனிக்கோடாக வரும். நறுமண ஐதரசன்களோடு ஒப்பிட்டால் தயோல் எவ்வளவு மிச்சம் என்று கணித்துவிடலாம். தைத்தேனியம்(4) இருசல்பைட்டோடு ஒன்றும் செய்யாது.

இருசல்பைட்டைத்தான் பாவிக்கவேண்டும் என்றால் உலோகம் தாழ்ந்த நிலையில் இருக்கவேண்டும். தைத்தனோசீன் இருகாபனைலோடு இருபீனைல் இருசல்பைட்டைச் சேர்த்தால் கந்தகம்–கந்தகப் பிணைப்பு உடைந்து, காபனோரொட்சைட்டு குமிழ்விட்டு வெளியேறி, அதே ஊதாச் சேர்வை வரும். உப்பு எதுவும் படியாது என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் இருகாபனைல் காற்றில் ஒரு கணமும் நில்லாது, காபனோரொட்சைட்டும் நஞ்சு. வசதி குறைந்த இடத்தில் இதைத் தொடங்கவேண்டாம்.

ஊதா வந்தது, பிறகு மஞ்சளாகிவிட்டது

எங்கள் ஊரில் அதிகம் காணும் பிழை இதுதான். காரணம் நீர்.

தைத்தனோசீன் இருகுளோரைட்டு மேசையில் திறந்து வைத்தாலும் கெடாது. 1954இல் வில்கின்சனும் பேர்மிங்காமும் விவரித்த காலத்திலிருந்தே கையாள எளிதான சேர்வை என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை நம்பி நீரைப் பொருட்படுத்தாமல் விடுகிறவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள். அமீன் சேர்ந்த பிறகு கதை வேறு. அமீன் புரோத்தனை எடுத்துவிடுவதால் நீர் தைத்தேனியத்தில் ஒட்சோப் பாலமாக ஏறும். ஒரு நீர் மூலக்கூறு இரண்டு தைத்தேனியத்தைப் பிடித்துக்கொள்ளும். கரைசல் செம்மஞ்சளாகி, பிறகு மங்கிய மஞ்சளாகி, சைக்கிளோபென்டாடையீனைல் வளையமும் கழன்றுபோனால் கடைசியில் வெள்ளைச் சேறுதான் மிச்சம்.

எவ்வளவு நீர் போதும் என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். தொலுயீனுக்குப் பதிலாக ரி.எச்.எஃப். (தெத்திராஐதரோபியூரன்) என்ற கரைப்பான் 20 மில்லிலீற்றர் எடுத்தால் அதன் திணிவு 18 கிராம் அளவில். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் இருந்தால் 18 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல். உங்கள் 4 மில்லிமோல் தைத்தேனியத்தில் 2 மில்லிமோலை அது ஒன்றே தின்றுவிடும். வாடைக்காற்றுக் காலத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில், ரி.எச்.எஃப். போத்தலைச் சில தரம் திறந்தாலே இந்த அளவு ஏறிவிடும்.

ஆகவே செய்யவேண்டியவை. மூன்று ஆங்ஸ்ட்ரம் மூலக்கூற்றுச் சல்லடையை 300 பாகையில் வெற்றிடத்தின் கீழ் பல மணிநேரம் சூடாக்கி, கரைப்பானின் கனவளவில் ஐந்திலொரு பங்கு நிறையளவுக்குப் போட்டு, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். சோடியமும் பென்சோபீனோனும் போட்டு நீலம் வரும்வரை கொதிக்கவைப்பதைவிட இது பாதுகாப்பானது. இரவில் மின்வெட்டு வந்து குளிர்நீர் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்ற பயமும் இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களை 120 பாகை அடுப்பில் இரவு முழுக்க வைத்து, சூடாகவே பொருத்தி, ஆகன் ஓடவிட்டு ஆறவிடுங்கள். அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் ஆறவிட்டால் உலர்த்தியதன் பயன் போய்விடும், சுவர் முழுக்க ஈரம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அமீனையும் மறக்கவேண்டாம். கரைப்பானை அவ்வளவு கவனமாக உலர்த்திவிட்டு, ஈர அமீனை ஊசியால் ஏற்றுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ரி.எச்.எஃப். பற்றி இன்னொன்று. எங்கள் வெக்கையில் நிலைப்படுத்தி சேர்க்காத ரி.எச்.எஃப். விரைவில் பரவொட்சைட்டு கட்டும். அது தயோலை இருசல்பைட்டாக்கும், உலோகத்துக்கு ஒட்சிசனும் கொடுக்கும், வடிக்கும்போது வெடிக்கவும் கூடும். பொற்றாசியம் அயடைட்டும் மாப்பொருளும் தோய்த்த தாள் நீலமானால் அந்தப் போத்தலைத் தொடவேண்டாம்.

நீரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கையும் சொல்லவேண்டும். தைத்தனோசீன் ஐஞ்சல்பைட்டை நீர்க்கரைசலான அமோனியம் பல்சல்பைட்டு கொண்டே செய்யலாம். அங்கே கந்தகம் ஐந்து அணுச் சங்கிலியாக இரண்டு முனையாலும் உலோகத்தைப் பிடிக்கிறது, அளவிலும் மிகையாக இருக்கிறது, விளைவு நீரில் கரையாமல் உடனே வெளியேறிவிடுகிறது. நீரால் போட்டிபோட முடிவதில்லை. ஆய்வுகூடத்தில் உலர்த்தும் வசதி சரிவர இல்லாத நாட்களில் மாணவர்களுக்கு முதற் பயிற்சியாக நான் இதைத்தான் சொல்வேன். 1968இல் மக்ஸ் ஷ்மிட் குழுவினர் இந்த ஐஞ்சல்பைட்டோடு இருகந்தக இருகுளோரைட்டைச் சேர்த்து ஏழணுக் கந்தக வளையத்தைச் செய்தார்கள். தைத்தேனியம் மறுபடி சிவப்பு இருகுளோரைட்டாகவே திரும்பிவந்தது.

அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது

வெள்ளை வந்தவுடன் கெட்டுவிட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். மூன்று வெள்ளைகள் வரலாம்.

கழுவி உலர்த்திய தூளில் கொஞ்சத்தைச் சோதனைக்குழாயில் எடுத்து நீர் விடுங்கள். உடனே கரைந்தால் அமீன் ஐதரோகுளோரைட்டு, வரவேண்டியதுதான் வந்திருக்கிறது. கரையாவிட்டால் ஐதான அமிலம் விடுங்கள். நுரைத்தால் கல்சியம் காபனேற்று. அது தாக்கத்திலிருந்து வந்ததல்ல, குடுவையிலிருந்து வந்தது. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருப்பவை, அந்தத் தண்ணீரால் கழுவிய கண்ணாடியில் உப்பு பிடிக்கும். கடைசிக் கழுவலை எப்போதும் காய்ச்சி வடித்த நீரால் செய்யுங்கள். நுரைக்கவும் இல்லை என்றால் செறிவான சல்பூரிக்கமிலத்தில் மெதுவாகச் சூடாக்கிக் கரைத்து, ஆறவைத்து, கவனமாக நீரில் ஊற்றி, ஐதரசன் பரவொட்சைட்டு ஒரு துளி விடுங்கள். பளிச்சென்று செம்மஞ்சள் தோன்றினால் அது நீர்கொண்ட தைத்தேனியம் ஈரொட்சைட்டு. உங்கள் உலோகம் மண்ணாகிவிட்டது.

ஐதரோகுளோரைட்டு என்று தெரிந்தால் அதை நிறுத்தும் பாருங்கள். மேலே சொன்ன அளவுக்கு முழுத் தாக்கம் நடந்தால் 1.1 கிராம் வரவேண்டும். 0.55 கிராம்தான் என்றால் ஒரு குளோரைட்டு மட்டுமே மாறியிருக்கிறது, கையில் இருப்பது ஒருதயோலேற்று. தயோல் குறைந்திருக்கலாம். அல்லது இருகுளோரைட்டு மிச்சமிருந்து, உருவான இருதயோலேற்றோடு பரிமாறிக்கொண்டிருக்கலாம். தயோலும் அமீனும் இன்னும் கொஞ்சம் சேர்த்து இரவு முழுக்கக் கலக்கவிட்டால் பெரும்பாலும் சரிவரும். இந்த உப்பு காற்றில் ஈரம் உறிஞ்சும், எனவே சுணங்காமல் நிறுக்கவேண்டும். தொலுயீனில் செய்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். இருகுளோரோமெதேனில் உப்பு கரைந்துவிடும், நிறை ஒன்றும் சொல்லாது.

குடுவையில் ஊதா, என்.எம்.ஆர். குழாயில் சிவப்பு

பழைய டியூத்தேரோ குளோரோபோமில் அமிலம் இருக்கும். அந்த அமிலம் தயோலேற்றை வெட்டி இருகுளோரைட்டாக்கிவிடும், தயோல் விடுபடும். தெளிவான அடையாளம் 6.59 பி.பி.எம். கோடு. அது இருகுளோரைட்டின் வளைய ஐதரசன்கள். இருதயோபீனோலேற்றுக்கு அந்தக் கோடு 6.0 பக்கம் இருக்கவேண்டும். கரைப்பானைப் பாவிக்கமுன்னர் உலர்ந்த பொற்றாசியம் காபனேற்று நிரப்பிய சிறு குழாயால் வடியுங்கள். மாதிரியை வேறு ஊருக்கு அனுப்பவேண்டி இருந்தால் கரைசலாக அனுப்பாமல், ஆகனின் கீழ் மூடிய திண்மமாக அனுப்புங்கள்.

வளைய ஐதரசனுக்கு ஒரே கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டு வருகிறது என்றால் உடனே கலவை என்று முடிவெடுக்கவேண்டாம். ஐஞ்சல்பைட்டில் தைத்தேனியமும் ஐந்து கந்தகமும் சேர்ந்து கதிரை வடிவ ஆறணு வளையமாக இருக்கின்றன. ஒரு சைக்கிளோபென்டாடையீனைல் அச்சுப் பக்கம், மற்றது பக்கவாட்டில். அறைவெப்பநிலையில் வளையம் புரளும் வேகம் குறைவு என்பதால் தூய சேர்வைக்கே இரண்டு சமமான கோடுகள் வரும். சூடாக்கி எடுத்தால் அவை ஒன்றாகும். இரண்டும் சமமாக இல்லை என்றால்தான் கவலைப்படுங்கள்.

பச்சை

பச்சைக்கு இரண்டு பொருள் உண்டு. பென்சீன் இருதயோல், தொலுயீன் இருதயோல் போன்றவற்றின் சேர்வைகள் இயல்பிலேயே கரும்பச்சை. அவை நல்ல விளைவு. ஆனால் சாதாரண ஒற்றைத் தயோலோடு பச்சை வந்தால் உலோகம் தைத்தேனியம்(3) ஆகத் தாழ்ந்துவிட்டது என்று ஐயப்படுங்கள். இலிதியம், சோடியம் தயோலேற்றுக்களை மிகையாகக் கொட்டும்போது இது நடக்கும்.

பிரித்தறிய ஒரு துளி போதும். ஊசியால் ஒரு துளியை எடுத்து வடிதாளில் விடுங்கள். தைத்தேனியம்(3) என்றால் துளி விரியும்போதே விளிம்பிலிருந்து பச்சை அழிந்து செம்மஞ்சளாகும். இருதயோலேற்று என்றால் பச்சை வட்டமாகவே காய்ந்து நிற்கும். தாழ்ந்துவிட்டால் காற்றைக் காட்டி மீட்க நினைக்கவேண்டாம், ஒட்சோப் பாலத்தில்தான் முடியும். அடுத்த முறை சோடியம் உப்பை விட்டு அமீன் வழியால் போங்கள்.

தகேடா முறையில் தயோஅசற்றல் அப்படியே இருக்கிறது

1997இல் ஜப்பானின் தகேஷி தகேடா அறிமுகப்படுத்திய முறை இது. தைத்தனோசீன் இருகுளோரைட்டை மகனீசியத்தாலும் டிரைஎதைல் பொசுபைற்றாலும் தைத்தேனியம்(2) ஆக்கி, அதனால் தயோஅசற்றலிலிருந்து (ஒரே காபனில் இரண்டு தயோக் கூட்டங்கள் உள்ள சேர்வையிலிருந்து) கந்தகத்தை உரித்து, மிஞ்சும் தைத்தேனியம் காபீனை (தைத்தேனியத்தோடு இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த காபனை)க் கீற்றோனோடோ எசுத்தரோடோ சேர்த்து இரட்டைப் பிணைப்பு ஆக்குவது. உரித்தெடுத்த இரண்டு பீனைல்தயோக் கூட்டங்களும் போய்ச்சேருவது நாம் மேலே பார்த்த அதே ஊதாச் சேர்வையில். ஒரு தைத்தேனியம் கந்தகத்தைச் சுமக்க, இன்னொன்று காபீனைச் சுமக்க என்று தயோஅசற்றல் ஒரு மோலுக்குத் தைத்தேனியம் குறைந்தது இரண்டு சமவலு (இரண்டு மோல்) வேண்டும். உண்மையில் மூன்று நான்கு போடுகிறார்கள். ஒரு சமவலு போட்டுவிட்டு விளைவு இல்லை என்று முறையைக் குறைசொல்லவேண்டாம்.

அளவு சரி, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மகனீசியத்தைப் பாருங்கள். சுருள் மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தால் மேலே ஒட்சைட்டுப் படை. மகனீசியத்தையும் தூளாக்கிய நான்கு ஆங்ஸ்ட்ரம் சல்லடையையும் ஒரே குடுவையில் போட்டு, வெற்றிடத்தின் கீழ் வெப்பத் துப்பாக்கியால் நன்றாகச் சூடாக்கி, ஆகனில் ஆறவிட்ட பிறகே மற்றவற்றைச் சேருங்கள். 1 மில்லிமோல் தைத்தனோசீன் இருகுளோரைட்டுக்கு மகனீசியம் 29 மில்லிகிராம், பொசுபைற்று 0.34 மில்லிலீற்றர், ரி.எச்.எஃப். 2 மில்லிலீற்றர் அளவில், அறைவெப்பநிலையில் 3 மணிநேரம். சிவப்பு முழுதாகப் போகுமுன் தயோஅசற்றலை ஏற்றவேண்டாம். பொசுபைற்று பழையதாக இருந்தால் அதுவும் நீரால் சிதைந்திருக்கும், சோடியத்தின்மேல் வடித்தெடுங்கள். கடைசியில் 1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டு ஊற்றினால் தைத்தேனியம் சேறாகத் திரளும். அதைச் செலைற்றுப் படுக்கையால் வடியுங்கள், இல்லாவிட்டால் பிரிபுனலில் பால்மம் கட்டி ஒரு பின்னேரம் வீணாகும்.

தயோஎசுத்தரைப் பெற்றாசிஸ் காரணியால், அதாவது இருமெதைல் தைத்தனோசீனால், வினைல் சல்பைட்டாக்கும் வழியும் உண்டு. அதில் வரும் பிழை அநேகமாக ஒன்றுதான்: செம்மஞ்சள் காரணி கறுத்துப்போவது. திண்மமாகச் சேமித்தால் தானாகவே சிதையும். வெளிச்சமும் வெக்கையும் அதற்கு ஆகாது. தொலுயீன் கலந்த கரைசலாக, தாள் சுற்றி, குளிர்பெட்டியில் வைத்து விரைவில் பாவித்து முடியுங்கள். வினைல் சல்பைட்டு சிலிக்காவின் அமிலத்தில் உடையும், நிரலில் ஊற்றமுன் சிலிக்காவை டிரைஎதைலமீன் கலந்த எக்சேனால் கழுவிவிடுங்கள்.

அயலவர் காஸ் கசிகிறது என்கிறார்கள்

இதை இரசாயனப் பிழையாகவே எண்ணுங்கள், ஏனென்றால் மணம் வெளியே போகிறது என்றால் காற்று உள்ளே வரவும் வழி இருக்கிறது. சமையல் காஸுக்கு மணமூட்டுவதே எதேன்தயோல்தான், அதனால் அவர்கள் சொல்வதில் பிழையில்லை. சோளகம் வீசும் மாதங்களில் ஃபியூம் கபேட் வாயிலிருந்து புறப்படும் மணம் வெகுதூரம் போகும்.

பம்பின் வெளிவாயிலைச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலுக்குள்ளால் குமிழிடவையுங்கள். இடையில் ஒரு வெற்றுப் போத்தல் வைத்தால் கரைசல் பின்னுறிஞ்சி பம்புக்குள் போகாது. தயோல் பட்ட கண்ணாடிகளையும் ஊசிகளையும் ஃபியூம் கபேட்டுக்குள்ளேயே வெளுக்கும் கரைசலில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். மிஞ்சிய தயோலை ஒரேயடியாக ஊற்றினால் கொதித்து எழும்பும், பனிக்கட்டித் தொட்டியில் வைத்துத் துளித்துளியாக விடவேண்டும். வெளுக்கும் கரைசலில் அமிலம் கலந்தால் குளோரீன் வரும், அமீன் கலந்தால் குளோரமீன் வரும், அசற்றோன் கலந்தால் குளோரோபோம் வரும். எனவே அமீன் பட்ட பாத்திரங்களை முதலில் தனியாக நீரால் கழுவி எடுங்கள். வேலை முடிந்த அன்றே பம்பின் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். அதில் கரைந்திருக்கும் தயோல் அடுத்த மாதம் வேறு யாரோ உலர்த்தும் மாதிரிக்குள் போய்ச்சேரும்.